ஒரே கையெழுத்து, இரண்டு கிட்டார்

கிட்டார் வாங்கக் கடைக்கு வருகிறவர்கள் சுற்றிச் சுற்றிக் கடைசியில் ஒரே கேள்விக்குத்தான் வந்து நிற்பார்கள். "ரெண்டும் பாக்க ஒண்ணு மாதிரிதானே இருக்கு, அப்புறம் விலையில ஏன் இவ்ளோ வித்தியாசம்?" அதற்குச் சலிக்காமல் பதில் சொல்வதுதான் என் வேலை. பாதி ஆயுள் அதிலேயே போய்விட்டது, வருத்தமில்லை. நிதானமாக விளக்குவது எனக்குப் பிடிக்கும். உங்களுக்கும் அப்படியே சொல்கிறேன், ஐயா.

ஒத்திகை அறையின் சொந்தக்காரரைப் பிடித்து ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறீர்கள். பாவம் அவர். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் அந்த அறையின் மின்சார வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. தப்பான தீர்ப்பைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க எனக்கு வருவதில்லை. அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானாக வந்தேன்.

கடையில் எனக்குப் பெயரே 'காது'தான். "காதுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்கு" என்பார்கள். கண்ணை மூடிக் கேட்டாலே என்ன மரம், கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் என்ன, எந்தத் தொழிற்சாலை என்று சொல்லிவிடுவேன் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அதை நான் கிளப்பிவிடவில்லை. மறுக்கவும் இல்லை. வாசிக்க எனக்கு வராது. விரல் சொன்ன பேச்சைக் கேட்காது. காதாவது இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டவன் நான்.

வாசிப்பவர் மாப்பிள்ளை, என் தங்கை புருஷன். வயதில் என்னைவிடச் சின்னவர்தான்; ஆனாலும் அவர், இவர் என்றே பேசிப் பழகிவிட்டது. கடைக்குக் கம்பி வாங்க வந்தவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தங்கைக்கு அறிமுகம் செய்ததே நான்தான். அப்பா அம்மா போன பிறகு அவளை வளர்த்தவன் நான். நல்ல இடத்தில்தான் கொடுத்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன்.

நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து வீடியோ போடுவோம். நான் பேசுவேன், மாப்பிள்ளை வாசிப்பார், தங்கை கேமராவைப் பிடிப்பாள். அவர்கள் வீட்டுக் கூடம்தான் எங்கள் ஸ்டுடியோ. எதிரொலிக்காமல் இருக்கச் சுவரில் பழைய மெத்தையைச் சாய்த்து வைப்போம். குழந்தை தூங்கும் நேரமாகப் பார்த்து எடுப்போம்.

ஒரு பெரிய கலைஞரின் பெயரில் ஒரு கம்பெனி சிக்னேச்சர் மாடல் போட்டிருந்தது. அதில் இரண்டு வகை. உயர்ந்த வகையில் உடல் முழுதும் நல்ல மரம்; மேலே செதுக்கிய மேப்பிள் பலகை; பிக்கப்பின் கம்பிச்சுருளைக் கையால் சுற்றியிருப்பார்கள்; கழுத்தில் குறுக்கே பதித்த ஃப்ரெட் ஓரங்களில் கையை ஓட்டினால் ஒரு இடம்கூடக் கீறாது. மலிவு வகையில் ஏதோ ஒரு மரம், அதன்மேல் மேப்பிள் மாதிரி தெரிவதற்கு ஒரு மெல்லிய தகடு, இயந்திரம் சுற்றிய பிக்கப். இரண்டின் தலையிலும் அந்தக் கலைஞரின் அதே கையெழுத்து. எட்ட நின்று பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும்.

உயர்ந்ததை நான் வாங்கினேன். வாசிக்கத் தெரியாதவனுக்கு எதற்கு என்று கடை முதலாளியே கேட்டார். அதன் பெட்டியைத் திறந்து பார்ப்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது. மாப்பிள்ளை மலிவானதை வாங்கினார், அதுவும் யாரோ வாசித்துத் தள்ளியது. அவருக்குத் தேர்ந்தெடுக்கும் வழக்கமெல்லாம் கிடையாது. கையில் கிடைத்ததை மடியில் வைத்து உடனே வாசிக்க ஆரம்பித்துவிடுவார்.

இரண்டையும் ஒப்பிட்டு ஒரு வீடியோ எடுத்தோம். கடைசியில் என் கண்ணைக் கட்டி ஒரு சோதனை. துண்டைக் கட்டியவள் தங்கை. "அண்ணா, இடுக்கு வழியா பாத்து ஏமாத்தக் கூடாது" என்று சிரித்தாள். மாப்பிள்ளை ஒரே மெட்டை ஒவ்வொன்றிலும் வாசித்தார். எது எந்தக் கிட்டார் என்று நான் சொன்னேன். தப்பு. மறுபடியும் வாசித்தார், மறுபடியும் தப்பு. மலிவானதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "ஆஹா, இதுல அந்த மரத்தோட வாசனையே வருது" என்று நான் பேசியிருக்கிறேன். துண்டை அவிழ்த்தபோது தங்கை என்னைப் பார்க்காமல் கேமராவின் திருகை முடுக்கிக்கொண்டிருந்தாள்.

என்னைக் கேலி செய்தார்கள் என்று நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம். யாரும் கேலி செய்யவில்லை. செய்திருந்தால் சண்டை போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருப்போம்.

வீடியோ வெளிவந்தபோது அதில் நான் ஒவ்வொன்றையும் சரியாகச் சொல்லியிருந்தேன். மாப்பிள்ளை வெட்டி, ஒட்டி, இடம் மாற்றியிருந்தார். ரொம்பச் சுத்தமான வேலை.

"ஏன் மாப்ள இப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"விடுங்க மச்சான். அன்னிக்கு உங்களுக்குச் சளி. காது அடைச்சிருந்திருக்கும். அதைப் போய் ஊருக்குக் காட்டணுமா? நமக்குள்ளயே இருக்கட்டும்."

எனக்குச் சளி பிடித்திருக்கவில்லை. அது அவருக்கும் தெரியும்.

அந்த வீடியோவைப் பார்க்காத ஆள் இல்லை. முதலாளி அதைக் கடை வாசலில் ஒரு திரையில் ஓட விட்டார். வருகிறவர்களெல்லாம் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஒரு நாள் வாடிக்கையாளர் ஒருவர், படித்த மனிதர், "இங்க நேர்ல ஒரு தடவை பண்ணிக் காட்டுங்களேன்" என்றார். கூட்டம் கூடிவிட்டது. மாப்பிள்ளையும் அன்று கடையில் இருந்தார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். அவர் வாசித்தார். உயர்ந்த கிட்டாரைக் கையில் எடுக்கும்போதெல்லாம் லேசாகச் செருமினார், தொண்டை கரகரப்பவர் மாதிரி. மற்றதை எடுத்தபோது செருமவில்லை.

எனக்கு முதல் தடவையே புரிந்துவிட்டது. அந்தச் செருமலை வைத்துத்தான் அன்று எல்லாவற்றையும் சரியாகச் சொன்னேன். கைதட்டினார்கள். வீட்டுக்குப் போகிற வழியில் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. குழந்தைக்குப் பல் முளைப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்.

ஐயா, ஒரு மனிதன் உங்களைக் காப்பாற்றுகிறான். நீங்கள் கேட்காமலே காப்பாற்றுகிறான். அதை வெளியே சொல்லவும் மாட்டான். சோற்றைப் பிசையும்போது நிமிர்ந்தால் எதிரில் உட்கார்ந்து சிரிக்கிறான், அந்தச் சிரிப்பிலும் கள்ளம் இல்லை. இதை எவ்வளவு காலம் பொறுத்துக்கொள்ள முடியும் என்று நினைக்கிறீர்கள்? நான் பொறுத்துத்தான் பார்த்தேன்.

அதற்குள் கிட்டார் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். பெரிய அரங்கில், மேடையில், எல்லோர் முன்னாலும் அதே சோதனையை நான் செய்து காட்ட வேண்டுமாம். மாப்பிள்ளை வாசித்துக்கொண்டே பாடவும் செய்வார். தங்கைக்கு ஒரே சந்தோஷம். மாப்பிள்ளை என்னைத் தனியாக அழைத்து, தோளில் கை போட்டு, "கவலைப்படாதீங்க மச்சான், நான் இருக்கேன்ல" என்றார்.

அந்த "நான் இருக்கேன்ல" எனக்கு ரொம்ப நாள் காதில் கிடந்தது.

இனி ஆம்ப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் என்னுடைய பழைய வால்வு ஆம்ப். அவருக்கு அதன் சத்தம் பிடிக்கும் என்பதால், அவர் பாடிப் பழக வாடகைக்கு எடுக்கும் ஒத்திகை அறையிலேயே வைத்திருந்தோம். "மச்சான், மைக்ல உதடு பட்டா சுருக்குனு இருக்கு" என்று ஒருமுறை சொன்னார். கடைக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்து கொடுத்தேன். உண்மையாகவே சரிசெய்தேன், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்போது என் மனதில் எதுவும் கிடையாது.

கம்பெனிக்காரர்கள் வந்துபோன பிறகு, இன்னொரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று நானாகவே அதை வாங்கிக்கொண்டு போனேன். "உங்களுக்கு எதுக்கு மச்சான் சிரமம்" என்றார். வாசிப்பவரை மின்சாரத்திடமிருந்து காப்பாற்ற உள்ளே ஒரு ஏற்பாடு இருக்கும். அதைச் சரியாக்கத் தெரிந்தவனுக்கு மற்றதும் தெரிந்திருக்கும். உங்கள் ஆட்கள் திறந்து பார்க்கட்டும். அந்த வேலை தானாகக் கெட்டதில்லை, ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து செய்தது என்று புரியும். அறையின் சொந்தக்காரருக்கு அதில் சம்பந்தமே இல்லை. நான்தான் செய்தேன். அவர் பாட வாயை மைக்குக்குக் கிட்டே கொண்டுபோனால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் செய்தேன்.

தங்கையைப் பற்றிக் கேட்பீர்கள். அவள் அன்று எல்லாம் முடிந்த பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு அறைக்கு வந்தாள். தரையில் கிடந்தவரைப் பார்த்துவிட்டு என்னிடம், "அண்ணா, எழுப்பு. நீ சொன்னா கேப்பாரு" என்றாள். அன்றிலிருந்து என் வீட்டில்தான் இருக்கிறாள். குழந்தை என் மேல் படுத்தால்தான் தூங்குகிறது. அவர்களுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அவளிடம் இதை நீங்களே சொல்லிவிடுங்கள். அவள் அழ ஆரம்பித்தால் எனக்குப் பேச்சு கோர்வையாக வராது.

நடந்ததை மட்டும் சொல்லி முடித்துவிடுகிறேன். மத்தியானம். அறையில் அவர் மட்டும் இருந்தார். என் கிட்டாரைப் பெட்டியோடு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். "மேடையில எடுக்கப்போறது இதுதானே, இதுலயே பாடிப் பழகுங்க மாப்ள" என்றேன். அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். கூச்சம். பிறகு நான் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டு நடையில் நின்றேன்.

பாட்டில்லாமல் முதலில் வெறும் கிட்டாரை வாசித்தார். ஐயா, அப்படி ஒரு நாதத்தை நான் கேட்டதே இல்லை. அடிக்கம்பி பாகு மாதிரி இழுபட்டது. மேல் கம்பி ஒவ்வொன்றும் தனித்தனியாக மினுங்கியது. செதுக்கிய மேப்பிள், கையால் சுற்றிய பிக்கப், எல்லாம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. யாரும் செருமவில்லை, யாரும் எனக்கு எடுத்துக்கொடுக்கவில்லை. நானாகவே கேட்டேன். என் கண் கலங்கிவிட்டது. உள்ளே ஓடிப்போய் ஆம்ப்பை நிறுத்திவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் அதை இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும் போலிருந்தது, நின்றுவிட்டேன். அப்போதுதான் அவர் பாட ஆரம்பித்தார். ஒரு வார்த்தைகூட முழுசாக வரவில்லை.

சத்தம் அடங்கிய பிறகு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்தேன். அவர் மல்லாந்து கிடந்தார். என் கிட்டார் ஓர் ஓரமாகப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. கீறல் பட்டுவிடக் கூடாது என்று மேலே தன் துண்டை வேறு போர்த்தி வைத்திருந்தார். அவர் நெஞ்சின்மேல் கிடந்தது அவருடைய கிட்டார், அந்த மலிவு வகை.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிகிறது. அந்த அறைக் கதவு கனமானது, ஐயா, சுற்றிலும் பஞ்சு அடைத்தது. அப்படிப்பட்ட கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டால், எப்பேர்ப்பட்ட காதாக இருந்தாலும் கொஞ்சம் ஏமாறத்தான் செய்யும்.