அவனே சொல்லட்டும்

பொறுமையாத்தாம்மா கீறேன். வந்ததுலேர்ந்து இத்தோட மூணு தபா சொல்லிட்ட. காலைலேர்ந்து இந்த போலீஸ் ஸ்டேசன் பெஞ்சிலதான் குந்திகினு கீறேன், ஒரு கொரலு எழுப்பினனா? வேணாம்மா, டீ எறங்காது. கடல்ல தேடப் போன போட்டு வந்தா மட்டும் சொல்லு.

எழுதிக்க. பேரு பிரவின்குமாரு. வயசு இருவத்தாறு. எனக்கு ஒரே புள்ள. அவுங்கப்பா கல்பாக்கத்துல ஒரு ஆபீஸ்ல பியூனா இருந்தாரு, இவன் எட்டாவது படிக்கசொல்லவே பூட்டாரு. நான் பால்வாடி ஆயா. வூடு கூடுவாஞ்சேரி.

பேகு அவன்துதாம்மா. ஜிப்பு அந்து போயி நான்தான் தச்சுக் குடுத்தேன். டிபன் பாக்ஸ தொறந்து பாத்தியா? சாப்ட்டுட்டு கழுவி வெச்சிக்கீறான். நீயே சொல்லு, கடல்ல எறங்கப் போறவன் டிபன் பாக்ஸ கழுவுவானா? மாட்டான் இல்ல?

சரி, நீ இன்னா பண்ணுவ.

சண்டையா? எங்க வூட்லயா? பக்கத்து வூட்ல கேட்டுப் பாரு. லவ்வும் இல்ல. இருந்தா எங்கிட்ட சொல்லிருப்பான்.

சொல்லிருப்பான்னா சொல்றேன்? ஏதோ வாய்ல வந்துடுச்சு.

வேலையா? கம்ப்யூட்டர் கம்பெனி, சோழிங்கநல்லூர் பக்கம். இல்லம்மா, அடிச்சுடு அத. போலீஸ்கிட்ட பொய்யி எதுக்கு. வேல இல்ல. சனவரிலயே நூறு பேர வூட்டுக்கு அனுப்பினாங்களாம், இவனும் அதுல ஒருத்தன்.

அவன் சொல்லல. சஹானான்னு கூட வேல பாத்த பொண்ணு, பிப்ரவரில ஒரு நாளு வூட்டுக்குப் போன் பண்ணுச்சு. ஆன்ட்டி, பிரவினுக்கு வேற எடம் கெடச்சுதான்னு கேக்குது. எனக்கு அப்பத்தான் விசயமே தெரியும். ஆனா பாரு, வாயி தானா சொல்லுது, கெடச்சுடுச்சும்மா, நல்லா கீறான்னு.

அன்னிக்கும் காலைல இஸ்திரி போட்ட சட்டயப் போட்டுகினு டிரெயினுக்குப் போயிருந்தான். கழுத்துல ஐடி அட்ட மாட்டற அந்த ஆபீஸ் கயிறு. கயிறு மட்டுந்தான், அட்ட இருக்காது. முனைய எடுத்து சட்டப் பாக்கெட்டுக்குள்ள சொருகிக்குவான். அப்பாலதான் அதப் பாத்தேன்.

கேக்கணும்னுதான் இருந்தேன். சாயங்காலம் வந்து செருப்பக் கழட்டினான், அந்த மூஞ்சப் பாத்ததும் கேக்க முடியல. பாஸ்டர் ஐயாகிட்ட ஓடினேன். அவரு நல்ல மனுசன், அவர ஒண்ணும் சொல்லாத. இன்னா சொன்னாருன்னா, வளந்த புள்ள, மானஸ்தன், நீங்களா கேட்டு அவன தலகுனிய வைக்காதீங்க. ஆண்டவரு நமக்காவ எம்மாம் பொறுமையா காத்துகினு கீறாரு, நீங்க உங்க புள்ளைக்காக காத்துகினு இருக்க மாட்டீங்களா, அவனே ஒரு நாளு வாயத் தொறப்பான்னாரு. எனக்கும் அது சரின்னு பட்டுச்சு. அவனே சொல்லட்டும்னு வுட்டுட்டேன்.

வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம உபவாசம் இருந்தேன். தெனம் விடியகாலைல முட்டி போட்டு, ஆண்டவரே, இன்னிக்காவது எம்புள்ள எங்கிட்ட பேசணும்னு கேப்பேன். அப்பால எழுந்து சோறு வடிச்சு, கொழம்பு வெச்சு, டிபன் கட்டிக் குடுப்பேன். கேட்டாண்ட நின்னு கையாட்டுவேன். ஒரு நாளு பைக்க ஃபிரண்டு கேட்டான், குடுத்துட்டேன்னான். சரிப்பான்னேன்.

சாயங்காலம் வந்தா ஆபீஸ் கதையா சொல்லுவான். மானேஜர் இன்னிக்குத் திட்டிட்டாரும்மா, ஏசி வேல செய்யலம்மா. நானும் அய்யய்யோ, அப்பறம்னு கேட்டுகினு இருப்பேன். ஒரு நாளு, ஒருத்தனுக்குப் பொறந்த நாளு, ஆபீஸ்ல கேக்கு வெட்டினாங்கன்னான். வாய் தவறி, எனக்கு ஒரு துண்டு எடுத்தாரக் கூடாதாடான்னு கேட்டுட்டேன். மறுநாளு ஒரு டப்பால கேக்கு எடுத்துகினு வந்து நிக்கறான். நேத்து மிச்சம் இருந்துச்சும்மா, ஃபிரிட்ஜில வெச்சிருந்தாங்கன்றான். எந்தக் கடைல வாங்கினானோ. அவன் பாக்க பாக்க முழுசும் தின்னேன். நல்லா இருக்குப்பான்னேன்.

ஏழு மாசம்மா. புரட்டாசி வந்துடுச்சு.

இங்க மகாபலிபுரத்துக்கு வந்துகினு இருந்தான்னு இன்னிக்கு நீங்க போன் பண்ணித்தான் எனக்குத் தெரியும். தாம்பரம் வண்டி ஏறப் போறான்னு நான் நெனச்சுகினு இருக்கேன், இவன் செங்கல்பட்டு போயி பஸ் புடிச்சு கடலாண்ட வந்து குந்தி இருக்கான். அந்த சங்கு விக்கற பொம்பள, சின்னப்பொண்ணு, அவ சொல்லித்தான் எல்லாம் தெரியுது. எத்தினி நாளு அவ கடை நெழல்ல குந்தி சாப்ட்டானாம். கூட்டம் வந்தா சிப்பி மாலை எடுத்துக் குடுப்பானாம். எங்கம்மாவுக்கு எல்லாம் தெரியும்க்கா, தெரியாத மாதிரி இருக்காங்கன்னு அவகிட்ட சொல்லிக்கீறாம்மா. நான் நல்லா நடிக்கறேன்னு நெனச்சுகினு இருந்தேன். ரெண்டு பேருமே காத்துகினு இருந்துக்கீறோம்.

முந்தாநேத்து மதியம் பேக அவ கடைல வெச்சுட்டு, பாத்துக்கக்கா, வந்துடறேன்னு கோயில் பக்கமா நடந்தானாம். இருட்டுற வரைக்கும் வரல, அவதான் பேக உங்க ஸ்டேசன்ல கொணாந்து குடுத்துக்கீறா. போனு அப்பத்துலேர்ந்து ஆஃப். நேத்து முழுக்க நான் தாம்பரத்துல தேடிகினு இருந்தேன், பைத்தியக்காரி.

கடல்ல எறங்கினத யாரும் பாக்கல இல்ல? பாக்கல. வேற ஊருக்குப் பஸ் ஏறிருக்கலாம். ஏறிருக்கலாம் இல்ல?

யாரு அது, போட்டுக்காரரா? ஒண்ணும் இல்லன்னுதான சொல்றாரு. ஒண்ணும் இல்லன்னா நல்லதா கெட்டதாம்மா? எதுக்கு ஸ்தோத்திரம் சொல்றதுன்னு கூடத் தெரியல எனக்கு.

கேளு, மிச்சத்தையும் எழுதிடு. கடைசியா இன்னா பேசினான்னா கேக்கற?

அன்னிக்குக் காலைல படி எறங்கினவன் திரும்பி வந்தான். செருப்போட உள்ள வந்துட்டான், எப்பவும் அப்படி வர மாட்டான். அம்மா, செத்த குந்தேன், உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்னான். கண்ணு ரெண்டும் செவந்து கீது. ஏழு மாசமா நான் முட்டி போட்டது அதுக்குத்தான? குந்திருக்கணும் இல்ல? அவன் சொல்லிட்டா அப்பால நான் இன்னா சொல்லப் போறேன்னு பயம். வண்டி பூடும்டா, சாயங்காலம் பேசிக்கலாம், கெளம்புன்னு முதுகுல கைய வெச்சு நான்தான் வெளிய தள்ளினேன். சரிம்மான்னான்.