ரெண்டு சுத்து

– அந்த வெள்ளைச் சட்டையை எடு வார்சினி. நாலு மணிக்கு ரேடியோ சங்கக் கூட்டம். எல்லார் முன்னாடியும் ஹர்யாதியைக் கிழிக்கலைன்னா என் பேரு கார்சோனோ இல்ல. கேக்குதா?

– கேக்குது. வீட்டுக்குள்ள எதுக்கு ரேடியோப் பேச்சு? டெம்பே பொரிச்சிருக்கேன், ரெண்டு வாய் தின்னுட்டுப் போங்க.

– எறங்காது. பதினோரு வருஷம் அவன் பக்கத்து நாற்காலியில உக்காந்தவன் நான். நிலம் ஆடி செல்போன் கோபுரமெல்லாம் படுத்தப்போ, ரெண்டு பேரும் மூணு நாள் மைக்கைக் கீழ வைக்கல. அவன் போன கூட்டத்துல எழுதி வச்சுப் படிக்கிறான், “நம்ம சங்கம் விட்ட செயற்கைக்கோள் ஊமையானதுக்குக் கார்சோனோ போட்ட முடிச்சுதான் காரணம்”னு. இன்னைக்குச் சங்கத்துலேர்ந்து என் பேரை எடுக்கப் போறாங்க.

– படிக்கிறப்போ அவர் மூஞ்சி எப்படி இருந்துச்சு?

– தரையைப் பாத்துப் படிச்சான்.

– சரி, போகட்டும். வலை கட்டித்தான் சோறு திங்கறோம். ரேடியோவா போடுது?

– சோத்தைப் பத்தியா பேசறேன்? நாப்பது வயசுல என்னை எழுத்துக் கத்துக்க வச்சது அந்த ரேடியோ. பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினேன். இஞ்சினியருங்க அத்தனை பேர் இருக்க, “செயற்கைக்கோள் ஆன்டெனாவை மடக்கி நைலான் நரம்பால கட்டணும், உன் கைதான் வேணும்”னு என்னைக் கூப்பிட்டாங்க.

– ஆயிரம் தடவை சொல்லிட்டீங்க.

– இந்தப் படத்தைப் பாரு. ராக்கெட்டுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி எடுத்தது. நான் கட்டினது ஒரே சுத்து. மேல போனதும் சின்னக் கம்பி ஒன்னு சூடாகும், நரம்பு உருகும், ஆன்டெனா விரியும். இதுல ரெண்டு சுத்து இருக்கு. கம்பி தொடுறது ஒன்னைத்தான். இன்னொன்னு எப்படி அறும்? மடங்கினது மடங்கினபடியே சுத்திக்கிட்டுக் கெடக்கு.

– ரெண்டு சுத்து போட்டா கெட்டுப் போயிடுமா? அதை யாரும் சொல்லலையே.

– வலைக்கு நல்லது. இதுக்கு விஷம். இன்னொரு கூத்து பாரு, முடிச்சு வலப்பக்கம் இழுத்திருக்கு. நான் இடதுகைக்காரன். நான் காய்ச்சல்ல ஆஸ்பத்திரியில கெடந்தேனே, அந்த வாரம் குலுக்கிப் பாக்கிற சோதனையில என் கட்டு அறுந்திருக்கு. அவனே கட்டிட்டு, சோதனைத் தாள்ல கட்டினது நான்னு என் பேரையும் போட்டுட்டான். எழுத்துகூட என்னோடது மாதிரியே கோணல்.

– அவரா கட்டினாரு? செருப்பு வாரையே அவருக்கு வீட்டுக்காரம்மாதான் மாட்டி விடணும்.

– அதான் எனக்கும் இடிக்குது. நுனியை உள்ள சொருகியிருக்கு பாரு. சிலாசாப் கரையில இப்படிச் சொருகிற வீடு நம்ம வீடு ஒன்னுதான்... வார்சினி.

– சட்டையில பட்டன் ஒன்னு போயிருக்கு. கழட்டுங்க, தச்சுத் தரேன்.

– பட்டனை விடு. என்னைப் பாரு.

– நீங்க ஆஸ்பத்திரியில கெடந்தப்போ அவர்தான் கார் அனுப்பினாரு. மறுநாள் பெட்டி விமானம் ஏறணும், இன்னொரு தடவை அறுந்தா எல்லாம் போச்சுன்னாரு. உறுதியாக் கட்டுங்கன்னாரு. எப்பவும் கட்டற மாதிரி கட்டினேன்.

– அது ஊமையாகி அஞ்சு வாரம். அஞ்சு வாரமா நான் தூங்காமக் கெடக்கேன். நீ எதிர்ல உக்காந்து எனக்கு டீ ஊத்தியிருக்க.

– சங்கத்துல இல்லாத கை பட்டதுன்னு தெரிஞ்சா எல்லாரோட அனுமதியும் போயிடும்னு கெஞ்சினாரு. பயந்துட்டேங்க.

– அவனும் நீயும் பேசி வச்சிருக்கீங்க. சரி. அந்தக் கையெழுத்து? அதையாவது அவன்தான் போட்டான்னு சொல்லு. அதை வச்சுத்தான் நான் அங்க போய் நிக்கணும்.

– கட்டினவங்க பேரை எழுதுங்கன்னு தாளை நீட்டினாரு. இத்தனை வருஷமா வலைக்கட்டு மேல மையால எழுதறேனே, உங்க பேரு. அது ஒன்னுதானேங்க எனக்கு எழுதத் தெரியும்.