கோங் இபானிஷா ஒட்டவிடாத சுவரொட்டி

மூட்டுத் தேய்ந்தோரின் முனகலுக்குச் செவிசாய்த்த செம்மலே, மஞ்சளின் நிறத்துக்குள் மருந்துண்டோ என்று மழையும் மலையும் பாராது தேடிய மாண்பே, நம் பேச்சில் ‘கோங்’ என்றால் அக்கா, அப்படி எங்கள் எல்லோருக்கும் மூத்த அக்காவாய் வாய்த்த கோங் இபானிஷா பாஸா அவர்களே, வணக்கம்.

ஜயந்தியா மலையில் பிறந்த பெண்ணுக்குச் சுமை முதுகில், வலி முழங்காலில். நெற்றிப்பட்டையில் கூடை தொங்க, மஞ்சள் கிழங்கை ஏற்றத்தில் சுமந்து சுமந்து, நடுவயதிலேயே படியிறங்க அஞ்சினார்கள் நம் பெண்கள். வலிமாத்திரை தின்று வயிறு புண்ணாகி அவர்கள் வந்து நின்றபோதுதான், அவர்கள் சுமந்த மஞ்சளின் நிறமியையே அவர்கள் மூட்டுக்குக் கொடுத்துப் பார்க்கத் துணிந்தீர்கள். தகரக் கூரையில் மழை இரைய, நிறமியைப் பிரித்தெடுத்த அந்நாட்களை நினைக்கிறோம். ஞாயிறுதோறும் தேவாலயத்தில் நம் விரல்களைப் பார்த்து, "மஞ்சக்காரங்க வந்துட்டாங்க, தள்ளி உக்காருங்க. வெள்ளைத் துணியில ஒட்டிக்கும்" என்று கேலி செய்தவர்களையும் நினைக்கிறோம்.

ஆய்வில், ஒரே மாதிரியான குளிகைக்குள் அடைத்து, பாதிப் பேருக்கு நிறமி, பாதிப் பேருக்கு வெறும் அரிசி மாவு. யாருக்கு எதுவென்று தின்றவர்க்கும் தெரியாது, தந்த நமக்கும் தெரியாது. ஜோவாய்ச் சந்தையில் கருவாடு விற்கும் கிந்தியூ கோலூன்றி வந்தார். ஆய்வு முடியுமுன் கோலை வீசிவிட்டு நடந்தார். "எம் முட்டிக்கு வயசு திரும்பிருச்சு. எங்க நாத்தனா ரீஸாவும்தான் திங்கிறா. அவ வாய்க்கு எந்த மருந்தும் கேக்காது" என்று சந்தை முழுக்கச் சொன்னார். நிதி தந்தவர்கள் மகிழ்ந்து, அவர் சிரிக்கும் படத்தைப் போட்டு, மஞ்சளால் மூட்டு குணமாகும் என்று சுவரொட்டி அடித்துவிட்டார்கள்.

ஒட்டுவதற்கு முன்பு, யாருக்கு எது தரப்பட்டது என்ற விவரம் திறக்கப்பட்டது. கிந்தியூ தின்றது மாவு.

"அந்தம்மா நடக்குறாங்கல்ல? அது போதும். யாரு கேக்கப் போறாங்க?" என்றார் நிதி தந்தவர்களின் சார்பில் வந்திருந்த அலுவலர்.

"நான் கேப்பேன் சார்" என்றீர்கள். சுவரொட்டிக் கட்டைத் தங்கள் அலமாரியில் வைத்துப் பூட்டினீர்கள். நிதி நின்றது. நம்மில் சிலர் பிழைப்புத் தேடி ஷில்லாங் போனார்கள். தாங்கள் போனது சந்தைக்கு.

"கோங், உங்களுக்குக் குடுத்தது மஞ்ச இல்ல. வெறும் மாவு."

கருவாட்டைக் கூறு வைத்துக்கொண்டிருந்த கிந்தியூவின் கை நின்றது. "அப்ப எனக்கு வலி போனது பொய்யா?"

"வலி போனது நெசம். மஞ்சளால போகல. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

"ரீஸாவுக்கு?"

"அவங்க தின்னது மஞ்சதான். கொஞ்சம் கேட்டிருக்கு."

"ஐயோ, அவகிட்டச் சொல்லிறாதீங்க. காலம் பூரா சொல்லிக் காட்டுவா."

"அவங்களுக்கும் சொல்லணுமே."

"சரி, சொல்லித் தொலைங்க. நான் ஊர்ல இல்லாத அன்னிக்குச் சொல்லுங்க" என்று, தங்கள் கையில் வெற்றிலை பாக்கை வைத்தாராம். உடன் வந்த எங்கள் ஓட்டுநர் சொல்லக் கேட்டோம்.

தாங்கள் அத்தோடு விடவில்லை. மாவு தின்றவருக்கு வலி ஏன் குறைந்தது என்று துருவினீர்கள். ஆய்வுக்கு வந்தவர்களுக்கு நாம் போகிறபோக்கில் கற்றுத்தந்த கால் பயிற்சியைக் கிந்தியூ ஒரு நாளும் விடாமல் செய்துவந்தது தெரிந்தது. மறுபடி நிதி கிடைக்கப் பல மழைக்காலம் ஆனது. அடுத்த ஆய்வில் இரு சாராருக்கும் அதே பயிற்சியைத் தந்து ஒப்பிட்டீர்கள். நிறமி தின்றவர்க்கு வலி சற்றுக் கூடுதலாய்த் தணிந்தது, ஆனால் தேய்ந்த குருத்தெலும்பு மீண்டும் வளரவில்லை. அதை அப்படியே எழுதினீர்கள். இன்று நம் மருத்துவமனைக்கு வருவோர்க்குப் பயிற்சி முதலிலும் மஞ்சள் துணையாகவும் தரப்படுவது அந்த எழுத்தால்தான்.

தங்கள் முழங்காலும் தேய்ந்ததை நாங்கள் அறிவோம். "நீங்களும் மஞ்ச சாப்பிடுறீங்களா கோங்?" என்று நேற்று ஒருவர் கேட்டார். "சாப்பிடுறேன். கேக்குதான்னு தெரியல" என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துப் படியிறங்கினீர்கள்.

வலி குறைந்து, வாழ்நாள் நீண்டு, தாங்கள் நினைத்த மேடெல்லாம் ஏறி நலமுடன் இருக்க விழைகிறோம். அப்படியே நடக்கும் என்று உறுதி கூறத் தாங்கள் எங்களை விடமாட்டீர்கள். ஆகவே விழைகிறோம் என்று மட்டும் எழுதிக் கையொப்பமிடுகிறோம்.

தங்கள் அன்பு மறவா,
மூட்டுநோய் ஆய்வுக்கூடப் பணியாளர்கள்,
ஜோவாய்.