விலைத்தாளில் வெட்டிய கை

வாடகைக்கு வீடு பிடிக்கிறவர்கள் சமையலறையைப் பார்க்கிறார்கள், ஜன்னலைப் பார்க்கிறார்கள். கீழ்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை. டென்மார்க்கில் வைலே நகரத்துக்கு வந்தபோது நானும் என் மனைவி யசிந்தாவும் அந்தப் பிழையைத்தான் விட்டோம்.

எங்கள் கீழ்வீட்டில் லுட்மிலா என்ற செக் நாட்டுக் கிழவி இருந்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் பிராக் நகரத்தில் ஓவியக்காரியாம். அவளும் கூட்டாளிகளும் வைத்தியப் புத்தகங்களையும் உள்ளாடை விலைப்பட்டியல்களையும் வெட்டி ஒட்டி, தலையில்லாத பெண், கண் தோண்டிய பொம்மை என்று செய்து குவித்திருக்கிறார்கள். அதற்குப் பெயர் நவீன ஓவியம். பிறகு ஜெர்மன்காரர் வந்து அந்தக் கூட்டத்தில் பாதிப் பேரை முகாமில் கொன்றுவிட்டார்களாம். "நாங்கள் அதை முன்பே கண்டுவிட்டோம்" என்பாள். கண்டவர்கள் வேளைக்கே ஓடியிருக்கலாம். நான் யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் சித்திரம் படிப்பித்தவன். மூக்கு இருக்கிற இடத்தில் மூக்கு இருக்க வேண்டும் என்று படிப்பித்தவன்.

எண்பத்தைந்தில் யாழ்ப்பாணத்திலிருந்து தவராஜா என்ற பெடியன் வந்து சேர்ந்தான். அடைக்கலம் கேட்டு விண்ணப்பித்திருந்தான். சனி ஞாயிறுகளில் எங்களிடம் வந்து சாப்பிடுவான். ஊரில் ஆமிக்காரர் அவனை ஏழு மாதம் அடைத்து வைத்திருந்தார்கள். அதைப் பற்றிக் கேட்டால் வாய் திறக்கமாட்டான், சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பான். அப்படிப்பட்டவனுக்கு லுட்மிலா ஒரு கத்தரிக்கோலைக் கொடுத்தாள்.

இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. கடைகள் வாராவாரம் கதவுக்குள் போடும் விலைத்தாள்களை விரித்து வைத்து வெட்டினார்கள். பன்றித் தொடை, கோழி, இறைச்சிக் கொக்கி, யாரோ விளம்பரக்காரியின் கை. எல்லாவற்றையும் ஒட்டி அவன் ஒன்பது படம் செய்தான். அவற்றைப் பார்த்து லுட்மிலா அழுதாள். ஒன்றில்கூட மூக்கு இருக்கிற இடத்தில் மூக்கு இல்லை. அவனுடைய வழக்கறிஞர் ஒன்பதையும் சாட்சியமாகக் கோப்பில் சேர்த்தார்.

விசாரணையில் மொழிபெயர்ப்பாளன் நான்தான். எழுபத்தாறிலிருந்து இங்கே இருப்பதால் என் டேனிஷ் நல்லது. அதிகாரி படங்களை மேசையில் பரப்பி, இவை என்ன என்று கேட்டார். தவராஜா முதல் தடவையாக வாய் திறந்தான்.

"இது எங்களை வைச்சிருந்த அறை. இந்தக் கொக்கியிலதான் என்ரை தம்பியைத் தூக்கினவங்கள். இந்தக் கை அவன்ரை."

ஒன்பதையும் விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னான். நாற்பது நிமிடம் ஆனது. முடிவில் என் பக்கம் திரும்பினான்.

"அண்ணை, இது ஒண்டும் கனவில்லை எண்டு வடிவாச் சொல்லுங்கோ."

நான் அதிகாரியிடம் சொன்னேன்: "இவர் கனவில் கண்டதாம். கீழ்வீட்டுக் கிழவி பழக்கிய விளையாட்டு. அவளுடைய நாட்டில் ஒரு காலத்தில் இப்படியொரு மோஸ்தர் இருந்தது."

இத்தனை நேரம் பேசியது இவ்வளவுதானா என்று அதிகாரி கேட்டார். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார் என்றேன். அவர் தட்டச்சு செய்துகொண்டார். தவராஜா என் கையை இரண்டு கையாலும் பிடித்து நன்றி சொன்னான்.

இதை விசாரிக்க வந்த நீங்கள் கொண்டுவந்த கடிதத்தில் அவனுடைய தமக்கை செல்வமலர் எழுதியிருப்பது உண்மைதான். விண்ணப்பம் தள்ளுபடியானது. திருப்பி அனுப்பப்பட்டவன் விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகவில்லை. மூன்றாம் வாரம் உடலைக் கொடுத்திருக்கிறார்கள். அவன் சொன்னதை நான் சொல்லியிருந்தால் அவன் இங்கே இருந்திருப்பான். அது எனக்கு அந்த அறையிலேயே தெரியும், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் நீங்களும் யோசித்துப் பாருங்கள். இறைச்சிக்கடைத் தாளைக் காட்டி ஒருவன் அடைக்கலம் வாங்கினால், நாளைக்கு இந்த நாட்டார் எங்கள் சனத்தை என்னவென்று நினைப்பார்கள்? யாராவது ஒருவர் ரசனையைக் காப்பாற்ற வேண்டும்.

இதைப் பொறாமை என்று சொல்லிவிட்டு யசிந்தா கிரின்ஸ்டெட்டிலுள்ள தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். விசர்க்கதை. எட்டு மாதம் இருந்து நான் வரைந்த மாதா படத்தை லுட்மிலாவிடம் காட்டியது உண்மை. மூக்குக்கண்ணாடியைக்கூடப் போடாமல் பார்த்துவிட்டு, பிஸ்கட் டின் மூடிக்கு நன்றாக இருக்கும் என்று அவள் சிரித்ததும் உண்மை. பெப்ரவரி பதின்மூன்று, வியாழக்கிழமை, பின்னேரம் நாலேகால் மணி, பச்சைக் கம்பளிச் சட்டை போட்டிருந்தாள், மேல்பொத்தான் இல்லை. அதையெல்லாம் நான் அன்றைக்கே மறந்துவிட்டேன்.