ஒருவருக்கும் குறையில்லாத நிறுவனம்

வுப்பர்டாலில் ஆற்றின் மேலே தொங்கிச் செல்லும் ரயில், பனிமூட்டத்துக்குள் கனவுபோல் மிதந்துகொண்டிருந்தது. எனக்கு எதிரே, நகரசபைப் பள்ளிகளைத் துப்புரவு செய்யும் நிறுவனத்தின் சீருடையில், நடுவயதுப் பெண் ஒருவரும் அவரிலும் இளைய ஆண் ஒருவரும் அமர்ந்திருந்தனர்.

“அக்கா, கணக்கெடுப்பின்படி எங்கட கொம்பனியில ஒருத்தருக்கும் உடம்பில ஒரு குறையும் இல்லையாம்.”

“ஓம், எல்லாற்ற படிவத்தையும் நான்தானே நிரப்பினனான். மானத்தைக் காப்பாத்தினன்.”

“அதைப் பார்த்துத்தான் உடம்புக்கு ஏலாத ஆக்களை எத்தனை பேர் எடுக்கவேணும் எண்டு நகரசபை முடிவெடுக்கும். இப்ப ஒருத்தரும் இல்லையெண்டா அவைக்கு ஒரு இடமும் ஒதுக்காது. சக்கர நாற்காலியில இருக்கிற உங்கட மகளும் இஞ்ச வேலை கேட்டிருக்கிறா எல்லே?”

அந்தப் பெண் இளையவரின் பக்கம் திரும்பினார்.

“தம்பி, உனக்கு வலக்காது கேக்காது. எழுதட்டே?”

“எழுதுங்கோ. படிவங்கள் இன்னும் நகரசபைக்குப் போகேல்லை, எங்கட கொம்பனிக் கந்தோரிலதான் கிடக்கு. உங்கட முதுகு வருத்தத்தையும் எழுதுங்கோ.”

அடுத்த நிலையத்தில் இருவரும் இறங்கி, எதிர்த்திசை ரயிலுக்காக நின்றார்கள்.