வராந்தா பெஞ்சில் உட்கார்ந்த தலைவர்

மேடையில் இருக்கும் பெரியவர்களே, மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்தவர்களே, இடம் கிடைக்காமல் சுவரோரம் நிற்பவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நான் உங்கள் ஆடிட்டர் சங்கத்தின் உறுப்பினர் இல்லை. மறைந்த தலைவருக்கு அக்கா. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஓரமாக உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போவதாகத்தான் இருந்தேன். துணைத் தலைவர் சற்றுமுன் அறிவித்ததைக் கேட்ட பிறகு உட்கார முடியவில்லை.

உங்கள் தலைவர் எப்படிப்பட்டவர்? 'போய்ப் பார்த்தியா' தலைவர் என்று முதுகுக்குப் பின்னால் நீங்கள் சொல்வது எனக்குத் தெரியாதா? ஐயா, அந்தப் பெயரை முதலில் வைத்தவளே நான்தான். அடுப்பை அணைத்தாயிற்று என்றால் போய்ப் பார்த்தியா என்பான். அம்மா தூங்குகிறாள் என்றால் போய்ப் பார்த்தியா என்பான். அந்த வாயோடுதான் ஆடிட்டர் ஆனான். கிடங்கில் சரக்கு இருக்கிறது என்று முதலாளி சொன்னால், மூட்டை மேல் ஏறி நின்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவான். அந்தத் தூசிச் சட்டைகளைத் துவைத்தவள் நான்.

போன வருடம் அவனை உலுக்கி எடுத்துவிட்டது. ஆடிட்டர் தேர்வுத் தாள் முன்பே வெளியாகிவிட்டது என்று மாணவர்கள் உங்கள் வாசலில் உட்கார்ந்தார்கள். ஆடிட்டர் என்றாலே பத்திரிகைக்காரர்கள் சிரித்தார்கள். சங்கமே வேண்டாம் என்று விலகியவர்கள் எத்தனை பேர்! அவர்களில் சிலர் இன்று முன்வரிசையில் இருக்கிறீர்கள்; பார்த்துவிட்டேன். வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றக்கூட அவனுக்குத் தெம்பு இருக்காது.

அதற்கு மேல் என் மகன் விவகாரம். மறைக்க என்ன இருக்கிறது? நூல் ஆலையின் கிடங்கைப் போய்ப் பார்க்காமலே, சரக்கு இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டவன் என் மகன். சரக்கு இல்லை. ஆலை மூடியது. விசாரணைக் குழுவுக்கும் என் தம்பிதான் தலைவர். தன் உறவுக்காரனை விசாரிக்கும்போது குழுவில் இருக்கிறவர் எழுந்து வெளியே போக வேண்டுமாம். எழுந்து வந்தான். வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"உள்ள போடா. உன் நாற்காலி உள்ள இருக்கு" என்றேன்.

"இன்னைக்கு எனக்கு உள்ள நாற்காலி இல்லக்கா."

"ஒரு வார்த்தை சொன்னா தேஞ்சா போயிடுவ?"

"நான் தேய மாட்டேன். அந்த நாற்காலி தேஞ்சிடும்க்கா."

இரண்டு வருடத்துக்கு ஆடிட்டர் பட்டியலிலிருந்து என் மகன் பெயரை நீக்கினார்கள். அன்றிலிருந்து தம்பியோடு நான் பேசவில்லை. அவன் கண் மூடும்வரை பேசவில்லை. அழுது மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறேன் என்று நினைக்காதீர்கள். கோபம் அப்படியேதான் இருக்கிறது. தாய்மாமன் என்றால் தாங்க வேண்டாமா?

இப்போது, தலைவர் நினைவாக என் மகன் தண்டனையில் மீதி ஒரு வருடத்தை ரத்து செய்கிறோம் என்கிறீர்கள். கைதட்டினீர்கள். எனக்கு ஆசை இல்லையா? இருட்டிய பிறகும் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருப்பவள் நான்.

ஆனால் நேற்று அந்த ஆலைக்குப் போனேன். தம்பி போன பிறகு அவன் கேள்வி என் காதை விட மாட்டேன் என்கிறது. கேட்டில் பூட்டு. எதிரே காய்கறி விற்கிற பெண், முன்பு உள்ளே நூல் சுற்றியவளாம். "உங்க பையனா கையெழுத்துப் போட்டது?" என்றாள். ஆமாம் என்றேன். என்னை நிழலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசிவிட்டு நிம்மதியாக வந்திருப்பேன்.

துணைத் தலைவரே, ரத்து செய்வதற்கு முன் அவளை யாராவது போய்ப் பார்த்தீர்களா? உயிரோடு இருந்தபோது எழுந்து வெளியே வந்தவனை, செத்த பிறகு இழுத்து வந்து அந்த நாற்காலியில் உட்கார வைக்காதீர்கள். உங்கள் சலுகை எங்களுக்கு வேண்டாம்.

மீதி நாளையும் என் மகன் இருந்து தீர்ப்பான். முடிந்த பிறகு, பெயரைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி அவனே வந்து விண்ணப்பம் கொடுப்பான். அன்று உள்ளே நீங்கள் எந்த முடிவு எடுத்தாலும் சரி, நான் வராந்தா பெஞ்சில் இருப்பேன். பக்கத்தில் தம்பி இடத்தைக் காலியாக வைத்திருப்பேன். இனி என்றைக்கு விசாரணை நடந்தாலும், உள்ளே நிற்பவன் உங்களுக்குச் சொந்தக்காரனாக இருந்தால், எழுந்து வந்து அதில் உட்காருங்கள். என் தம்பிக்கு அந்த அஞ்சலி போதும்.

அசதியாக இருக்கிறது. உட்காருகிறேன்.