இடப்பக்கத்துக் கமான் பட்டை

லாரியின் பாரத்தைத் தாங்குகிற கமான் பட்டையைத் தட்டிப் பார்க்கச் சின்னச் சுத்தியல் போதும், ஐயா. பெரிய சுத்தியலைத் தூக்குகிறவனுக்குத் தொழில் தெரியாது. நல்ல பட்டை கோயில் மணிபோல் நின்று ஒலிக்கும். விரிசல் விட்டது 'தொக்'கென்று அடங்கிவிடும். யுங்காஸ் மலைப்பாதையில் ஓடும் லாரிகளையெல்லாம் என் பட்டறையில் நான் இப்படித்தான் காதால் பார்த்து அனுப்பிவந்தேன்.

ஓட்டுநர் குமெர்சிந்தோவின் லாரி, பட்டாளத்தார் கழித்து ஏலம் விட்டது. எங்கள் பக்கம் அந்த ரகத்துக்கு முதலை என்று பெயர். முன்பக்கத்துப் பட்டைகளின் முனை வளையத்துக்குள் இருக்கும் புஷ்கள் தேய்ந்து முட்டை வடிவத்துக்கு வந்திருந்தன. அவற்றை மாற்றினேன். அவற்றைக் கோக்கும் ஊசிகளையும் மாற்றினேன். வலப்பக்கத்துப் பட்டைகள் நன்றாக ஒலித்தன. இடப்பக்கத்து மேல் பட்டை அடங்கிப்போனது. இதையும் மாற்ற வேண்டும் என்றேன்.

அவன் குனிந்து பார்த்தான். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. சங்கத்து ஓட்டுநர்கள் கோக்கா இலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு சுற்றி நின்றிருந்தார்கள்.

"விரிசல் பட்டைல இல்ல மேஸ்திரி, உன் காதுல இருக்கு. போன வாரம் உன் முதுகுக்குப் பின்னாடி ஹாரன் அடிச்சேன், நீ திரும்பிக்கூடப் பாக்கல. செவிடன் சொல்றதக் கேட்டுக்கிட்டு நாம வண்டி ஓட்டிட்டிருக்கோம்பா," என்றான் குமெர்சிந்தோ.

"காதுக்கும் ஒரு புஷ் மாத்திக்க மேஸ்திரி," என்றான் இன்னொருவன்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் என்று வாக்குமூலத்தில் எழுதாதீர்கள். வலித்தது, அவ்வளவுதான். இந்தக் காதை நம்பித்தான் ஊர் என்னிடம் வண்டியை விடுகிறது. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? அந்த வாரம் ஏற்கெனவே, வழக்கமாக என்னிடம் வரும் லாரி ஒன்று நிற்காமல் மேல் பட்டறைக்குப் போயிருந்தது.

"அப்ப பழசையே மாட்டிரவா?" என்று கேட்டேன்.

"மாட்டு," என்றான்.

அவர்கள் சாப்பிடப் போனபிறகு பட்டையை மண்ணெண்ணெயால் துடைத்து, சாக்கட்டித் தூளைத் தூவினேன். விரிசலுக்குள் போன எண்ணெய் கசிந்து வந்து தூளில் கோடு போடும். கோடு விழுந்தது. வளையத்தை ஒட்டி, முடி மாதிரி, பட்டையின் அகலத்தில் பாதிக்கு. கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம் என்கிறீர்கள். காட்டியிருந்தால் சாக்கட்டி கண்டுபிடித்தது என்பார்கள். காது சொன்னது சரி என்று யார் சொல்வார்கள்? துடைத்துவிட்டுக் கறுப்புச் சாயம் பூசிப் பூட்டினேன். பழைய இரும்புக்குச் சாயம் பூசுவது வழக்கம்தான்.

நீங்கள் சமவெளிக்காரர். எங்கள் பாதையில் இறங்குகிற வண்டி இடப்பக்கம் ஒதுங்க வேண்டும், பள்ளத்தை ஒட்டி. ஓட்டுநரும் இடப்பக்கம்தான் உட்கார்ந்திருப்பான், தலையை நீட்டிச் சக்கரத்துக்கும் விளிம்புக்கும் எவ்வளவு இடம் என்று பார்ப்பதற்காக. இடப்பக்கத்து மேல் பட்டை முறிந்தால் அச்சு பின்னால் நழுவும், வண்டி இடப்பக்கம் இழுக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியும்.

பழுது பார்த்த வண்டிக்கு மேஸ்திரி சாராயம் ஊற்றாமல் எங்கள் ஊரில் யாரும் ஏற மாட்டார்கள். வேலை பார்த்த இடத்தில் கொஞ்சம், நிலத்தாய்க்குக் கொஞ்சம். அவன் ஊற்றிவிட்டால் அதற்குமேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. அன்று சந்தை முடிந்து, கீழ் ஊர்க்காரர்கள் உருளைக்கிழங்கு மூட்டைகளோடு காத்திருந்தார்கள். குமெர்சிந்தோ புட்டியை நீட்டினான்.

"ஊத்து மேஸ்திரி. காது போனா என்ன, கை நல்லாத்தான இருக்கு?"

பட்டையைப் பூட்டும்போது அவன் ஒருவனைத்தான் நினைத்திருந்தேன். இப்போது கூட்டத்தையும் பார்த்தேன். நான் புட்டியைத் திருப்பிக் கொடுத்திருந்தால் போதும், ஒருவரும் ஏறியிருக்க மாட்டார்கள். ஊற்றினேன், அந்த இடப்பக்கத்துப் பட்டைமேலேயே.

"ஊத்தியாச்சா அண்ணே, ஏறலாமா?" என்று கேட்டாள் கூட்டத்தில் நின்ற இலாரியா. அவள் மகள் தெல்பினாவுக்கு நான் ஞானத்தகப்பன். ஏறச் சொன்னேன். குழந்தைக்குக் கால் எட்டவில்லை, நானே தூக்கி மூட்டைமேல் உட்காரவைத்தேன். விழுந்துவிடாமல் கயிற்றைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.

அருவி வளைவில் முதலை கவிழ்ந்தது. சேதி வந்ததும் எல்லாரும் கயிறுகளோடு ஓடினோம். பாதிப் பேர் மேலேயே நின்று கயிற்றைப் பிடித்துக்கொள்ள, மற்றவர்களோடு நானும் பள்ளத்தில் இறங்கினேன். குமெர்சிந்தோ நசுங்கிய கேபினுக்குள் செத்துக் கிடந்தான், அவனிடம் சொல்ல ஒன்றுமில்லை. இலாரியா கொஞ்சம் மேலே, பாறையில், உயிரில்லாமல். நான் முன்சக்கரத்தைத் தேடிப் போனேன். பட்டை நான் சொன்ன இடத்திலேயே முறிந்திருந்தது. முறிவில் பாதி பழைய துரு, பாதி புது வெள்ளி நிறம். துண்டை எடுத்துக்கொண்டு மேலே ஏறி வந்து ஓட்டுநர்களிடம் காட்டினேன்.

"பாருங்கப்பா, துருவப் பாருங்க. பழைய விரிசல். அன்னைக்கே சொன்னேனா இல்லையா?"

உடையும் என்று தெரிந்தேதான் பூட்டினேன், தெரிந்தேதான் ஊற்றினேன். இதை எழுதிக்கொள்ளுங்கள், மறுக்க மாட்டேன். ஆனால் செவிடன் பார்த்த வேலை என்று மட்டும் எழுதக் கூடாது.

காதுக்குப் புஷ் மாற்றச் சொன்னவன் என் கையிலிருந்த துண்டை விலக்கிவிட்டுக் கேட்டான்.

"புள்ள உன்னத்தான மேஸ்திரி கூப்புட்டுக்கிட்டே கெடந்தா? சக்கரத்துக்கு அந்தாண்டதான இருந்தா? மேல நின்ன எங்களுக்கே கேட்டுச்சே."

நாங்கள் திரும்ப இறங்கியபோது தெல்பினா அடங்கிவிட்டிருந்தாள். அவள் என்னைக் கூப்பிட்டாள் என்றே ஆளாளுக்குச் சொல்கிறார்கள், ஐயா. அருவி அவ்வளவு இரைச்சல். அதில் ஒரு குழந்தையின் குரல் யாருக்காவது கேட்டிருக்குமா, நீங்களே சொல்லுங்கள்.